ராஜபாளையத்தில் கட்டம், ஸ்ரீவில்லிபுத்தூரில் கேள்விக்குறி: இணையத் தமிழ்ப் பாடங்கள் கணினிக்குக் கணினி மாறிய கதை

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர். இந்த இரண்டு ஊர்ப் பெயர்களையும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். ஒன்றில் 'ஜ' இருக்கிறது, இன்னொன்றில் 'ஸ்ரீ' இருக்கிறது. 'ளை' என்பதில் மெய்க்கு முன்னால் வந்து நின்றுகொள்ளும் ஐகாரக் குறி இருக்கிறது. 'பு', 'தூ' என்று உருவத்தையே மாற்றிக்கொள்ளும் எழுத்துகள் இருக்கின்றன. கையால் எழுதுகிறவருக்கு இதில் ஒரு சிரமமும் இல்லை. ஆனால் 2000-களின் தொடக்கத்தில் ஒரு கணினி இந்த இரண்டு பெயர்களையும் பிழையில்லாமல் காட்டிவிட்டால், அதில் தமிழ்ப் பாடம் முழுவதையும் படித்துவிடலாம் என்று தைரியமாகச் சொல்லிவிடலாம். பெரும்பாலான கணினிகளால் அது முடியவில்லை.

இரண்டு ஊர்களுக்கும் இடையே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். படிப்புக்குப் பஞ்சமில்லாத பகுதி. ராஜபாளையத்தில் 1973-ல் தொடங்கிய ராஜூக்கள் கல்லூரி. ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டி மதுரை சாலையில் கிருஷ்ணன்கோவிலில் 1984-ல் தொடங்கிய பொறியியல் கல்லூரி, 2006-ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனது. கல்லூரிக்குப் போக முடியாதவர்களுக்கு மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் அஞ்சல்வழிக் கல்வி இருந்தது. பாடப் புத்தகம் தபாலில் வரும். அந்தப் புத்தகத்தை வீட்டிலும் படிக்கலாம், பஸ்ஸிலும் படிக்கலாம், ஸ்ரீவில்லிபுத்தூரில் 1875-லிருந்து இருக்கும் பென்னிங்டன் நூலகத்து மேஜையிலும் விரித்து வைக்கலாம். எந்த மேஜையில் வைத்தாலும் எழுத்து மாறாது! இதை ஒரு வசதி என்றே அப்போது யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் வந்தது 1995 ஆகஸ்ட் 15. சிறு நகரங்களுக்கு அது பிரவுசிங் சென்டர் உருவத்தில் வந்து சேரச் சில வருடங்கள் ஆயின. டயல்-அப் இணைப்பு, பிளைவுட் தடுப்பு, மணிக்கணக்கில் கட்டணம். வீட்டில் கணினி உள்ள மாணவர்கள் மிகக் குறைவு. ஆகவே ஒரே கணினியில் உட்கார்ந்து படிப்பது என்பதே கிடையாது. இன்றைக்கு இந்தக் கடையில் நாலாவது மெஷின், நாளைக்கு அந்தக் கடையில் எது காலியோ அது, வெள்ளிக்கிழமை கல்லூரி ஆய்வகம். ஒன்றில் விண்டோஸ் 98, ஒன்றில் 2000, ஒன்றில் எக்ஸ்பி. இங்கேதான் தமிழுக்குச் சிக்கல்.

சரி, படிக்க என்ன இருந்தது? நிறையவே இருந்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டில், இணையத்திலேயே நடக்கும் ஒரு தமிழ்ப் பல்கலைக்கழகம் அமைக்கப்படும் என்று அன்றைய முதல்வர் கருணாநிதி அறிவித்தார். அதன்படி 2001 பிப்ரவரி 17-ல் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது. திட்டத்துக்கு வழிகாட்டிய கல்வியாளர் வா.செ.குழந்தைசாமி, முதல் இயக்குநர் மு.பொன்னவைக்கோ. முதன்மையாக வெளிநாட்டுத் தமிழ்ப் பிள்ளைகளை மனதில் வைத்துத் தொடங்கியது அது. அகரம் சொல்லிக்கொடுக்கும் மழலைக் கல்வி தொடங்கி இளநிலைப் பட்டம் வரை பாடங்கள். கூடவே ஒரு மின்நூலகம்: சங்க இலக்கியம், அகராதிகள், நாலாயிர திவ்வியப் பிரபந்தம். தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்கத்தான் பதிவு வேண்டும். பாடத்தைத் திறந்து படிக்க யாரையும் கேட்க வேண்டியதில்லை.

அதே 2001-ல், ஏப்ரல் மாதம், அமெரிக்காவின் எம்.ஐ.டி. தன் பாடங்களை எல்லாம் இணையத்தில் இலவசமாக வைக்கப்போவதாக அறிவித்தது. உலகமே அதைக் கொண்டாடியது. முதல் 50 பாடங்கள் வெளிவந்தது 2002 செப்டம்பரில். தேதியை மட்டும் பார்த்தால் சென்னை முந்திக்கொண்டது! (இரண்டும் ஒரே அளவுள்ள முயற்சிகள் அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். எம்.ஐ.டி. வைத்தது பொறியியலும் அறிவியலும் பொருளாதாரமும் சேர்ந்த பெரிய கடல். தமிழ் இணையப் பல்கலை வைத்தது மொழியும் பண்பாடும்.) ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. மாசசூசெட்ஸில் எழுதிய பாடத்தின் ஆங்கில எழுத்துகள் ராஜபாளையத்துக் கணினியில் ஒன்று பிசகாமல் வரும். ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்த ஆண்டாளின் திருப்பாவை ஸ்ரீவில்லிபுத்தூர் கணினியில் வருமா என்பது, அந்தக் கணினியில் முன்னால் உட்கார்ந்திருந்தவர் என்ன எழுத்துரு நிறுவிவிட்டுப் போனார் என்பதைப் பொறுத்தது.

ஏன் இப்படி? கணினிக்கு எழுத்து தெரியாது, எண் மட்டுமே தெரியும். எந்த எழுத்துக்கு எந்த எண் என்பதை மனிதர்கள் கூடிப் பேசி முடிவு செய்ய வேண்டும். அமெரிக்கர்கள் 1963-லேயே ஆஸ்கி என்ற தரத்தை வெளியிட்டுவிட்டார்கள். அதில் 128 இடங்கள். பிறகு வந்த எட்டு பிட் முறையில் மொத்தம் 256 இடங்கள். முதல் 128 ஆங்கிலத்துக்குப் போக மிச்சமிருந்த 128-ல் பிரெஞ்சு, ஜெர்மன் எழுத்துகளின் தலைப்புள்ளி, கொண்டை எல்லாம் குடியேறியிருந்தன. தமிழ் எழுத்துருக்களைச் செய்தவர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். அந்தப் பிரெஞ்சு எழுத்தின் எண்ணை அப்படியே வைத்துக்கொண்டு, உருவத்தை மட்டும் அழித்துவிட்டு அங்கே 'க' வரைந்தார்கள். கணினி அதைப் பிரெஞ்சு எழுத்து என்றே நினைத்துக்கொண்டிருக்கும். பார்க்கிறவருக்கு 'க' தெரியும். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வேஷம் கலைந்துவிடும். ஆண்டாள் பாசுரம் இருக்க வேண்டிய இடத்தில் புள்ளியும் கொண்டையும் வைத்த பிரெஞ்சு எழுத்துகள் வரிசை கட்டி நிற்கும்.

அந்தத் தந்திரத்தைக்கூட எல்லோரும் ஒரே மாதிரி செய்திருந்தால் ஒரே ஒரு எழுத்துருவோடு போயிருக்கும். இங்கே ஆளுக்கு ஒரு 'க'. சிங்கப்பூரில் நா.கோவிந்தசாமி கணியன் என்ற முறையை உருவாக்கி 1995-லேயே இணையத்தில் தமிழைக் கொண்டுவந்தார். மலேசியாவின் முத்து நெடுமாறனுடையது முரசு அஞ்சல், சுவிட்சர்லாந்திலிருந்த கு.கல்யாணசுந்தரத்துடையது மயிலை. பத்திரிகைகளைக் கேட்கவே வேண்டாம். தினமணிக்கு ஒன்று, விகடனுக்கு ஒன்று, குமுதத்துக்கு ஒன்று. பத்துத் தளம் படிக்கப் பத்து எழுத்துரு! இந்தக் குழப்பத்தைத் தீர்க்க உலகத் தமிழர்கள் மின்னஞ்சல் குழுவில் மாதக்கணக்கில் விவாதித்து டிஸ்கி என்ற பொதுக் குறியீட்டை உருவாக்கினார்கள். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களை அதில் வெளியிட்டது. ஆனால் தமிழ்நாடு அரசு 1999-ல் வேறு இரண்டைத் தரமாக அறிவித்தது. டாப் என்பது தமிழும் ஆங்கிலமும் சேர்ந்தது, டாம் என்பது தமிழுக்கு மட்டும். ஒற்றுமை வேண்டும் என்று புறப்பட்டவர்களே இரண்டு அணியாக நின்றதுதான் இந்த வரலாற்றின் பெரிய சோகம். யார் பக்கம் நியாயம் என்பதை இப்போது பேசிப் பயனில்லை. இரண்டு அணிக்கும் நல்ல எண்ணம்தான். நஷ்டம் மட்டும் படிக்கிற பிள்ளைக்கு.

இதைக் கொஞ்சம் நேரில் கற்பனை செய்து பாருங்கள். ராஜபாளையத்தில் ஒரு மாணவி பாடத்தைத் திறக்கிறாள். எழுத்துருவை இறக்கச் சொல்லி பக்கத்தில் ஒரு சுட்டி இருக்கிறது. இறக்கிவிட்டாள். அதை விண்டோஸின் ஃபாண்ட்ஸ் கோப்புறையில் போட வேண்டும். கடைக்காரர் அனுமதி பூட்டி வைத்திருந்தால் போட முடியாது. (வைரஸ் பயத்தில் அவர் பூட்டி வைத்ததையும் குறை சொல்ல முடியாது.) போட முடிந்தாலும், டிஸ்கி பக்கமாக இருந்தால் உலாவியின் மெனுவில் போய்க் குறியீட்டை 'பயனர் வரையறுத்தது' என்று மாற்ற வேண்டும். இதற்குள் கால் மணி நேரக் காசு போயிருக்கும். மறுநாள் ஸ்ரீவில்லிபுத்தூரில் வேறொரு கணினி. மறுபடி முதலிலிருந்து! விவரம் தெரிந்தவர்கள் ஃப்ளாப்பியில் பாடத்தோடு எழுத்துருவையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போனார்கள். 1.44 மெகாபைட்டில் இரண்டும் அடங்கிவிடும். சிலர் எழுத்து சரியாகத் தெரிந்த அன்றைக்கே பிரிண்ட் எடுத்து வைத்துக்கொண்டார்கள். இணையப் பாடம் கடைசியில் அஞ்சல்வழிப் பாடமாகவே ஆகிவிட்டது.

இந்தத் தொல்லைக்கு இடைக்காலத்தில் வந்த மருந்து இயங்கு எழுத்துரு. பக்கத்தைத் திறக்கும்போதே எழுத்துருவும் தானாக இறங்கும், கணினியில் நிறுவத் தேவையில்லை. 1997-ல் மைக்ரோசாஃப்ட் ஒரு முறையைக் கொண்டுவந்தது, நெட்ஸ்கேப் இன்னொன்றைக் கொண்டுவந்தது. ஒன்றின் எழுத்துரு மற்றதில் வேலை செய்யாது! பிறகு நெட்ஸ்கேப் ஓய்ந்தது, இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் மட்டும் தமிழ் ஒழுங்காகத் தெரிந்தது. ஃபயர்ஃபாக்ஸ் வந்தபோது பழைய கதை திரும்பியது. அதற்கு 'பத்மா' என்று ஒரு நீட்சி செய்தார்கள். பழைய எழுத்துருப் பக்கங்களை அது திரையிலேயே மாற்றிக் காட்டும். பி.டி.எஃப். இன்னொரு வழி. எழுத்துருவைக் கோப்புக்குள்ளேயே புதைத்துவிடலாம் என்பதால் எந்தக் கணினியிலும் எழுத்து சரியாகத் தெரியும். ஆனால் அதிலிருந்து ஒரு வரியை நகலெடுத்து ஒட்டினால் மறுபடி பிரெஞ்சு! தேடினாலும் கிடைக்காது. படம் பார்க்கலாம், பாடம் குறிப்பெடுக்க முடியாது.

நிரந்தரமான தீர்வு உண்மையில் 1991-லேயே பிறந்துவிட்டது. உலக மொழிகள் அனைத்துக்கும் தனித்தனி எண் தரும் யுனிகோடு தரத்தின் முதல் பதிப்பு அந்த வருடம் வெளிவந்தது. அதில் தமிழுக்கு 128 இடங்கள். இந்திய அரசின் இஸ்கி தரத்தைப் பார்த்து அமைத்தது. 'க' என்றால் உலகம் முழுக்க ஒரே எண், அதில் வேறு எந்த மொழியும் குடியிருக்காது. அப்படியானால் ஏன் இன்னும் பத்துப் பதினைந்து வருடம் ஆனது?

முதல் காரணம், யுனிகோடில் எண்ணைச் சேமித்தால் மட்டும் போதாது, எழுத்தைக் கூட்டிச் சேர்க்கவும் கணினிக்குத் தெரிய வேண்டும். ராஜபாளையம் என்ற பெயரை டிஸ்கியில் எழுத 9 எண்கள்: ர, கால், ஜ, ப, கால், ஐகாரக் குறி, ள, ய, ம். கண்ணுக்குத் தெரிகிற வரிசை அப்படியே. யுனிகோடில் 10. இங்கே 'ள' முதலில், ஐகாரக் குறி பிறகு. நாம் உச்சரிக்கும் வரிசை அது. குறியைத் தூக்கி முன்னால் வைப்பது கணினியின் வேலை. அந்த வேலை தெரியாத உலாவியில் குறி பின்னாலேயே, ஒரு புள்ளி வட்டத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும். ஸ்ரீவில்லிபுத்தூர் இன்னும் மோசம். டிஸ்கியில் 10 எண்கள் போதும், ஏனென்றால் 'ஸ்ரீ', 'பு', 'தூ' எல்லாவற்றுக்கும் தனி இடம். யுனிகோடில் 18! 'ஸ்ரீ' ஒன்றுக்கே நான்கு. அவற்றைச் சேர்க்கத் தெரியாத கணினியில் ஊரின் பெயர் தலையிலேயே உடைந்துவிடும். அது மட்டுமல்ல, இணையத்தில் வழங்கும் யுடிஎஃப்-8 வடிவில் ஒவ்வொரு எண்ணுக்கும் 3 பைட் ஆகும் என்பதால் அந்த 18 எண்கள் 54 பைட் பிடிக்கும். டயல்-அப் காலத்தில் இது ஒரு பெரிய குற்றச்சாட்டாகப் பேசப்பட்டது. ஒரு சின்னப் புகைப்படம் இதைவிட நூறு மடங்கு இடம் பிடிக்கும் என்பதை யாரும் அவ்வளவாகக் கணக்கில் எடுக்கவில்லை.

இரண்டாவது காரணம் சிரிப்பும் எரிச்சலும் ஒருசேர வரவழைப்பது. விண்டோஸ் 2000-லும் 2001-ல் வந்த எக்ஸ்பியிலும் தமிழ் உண்டு. லதா என்ற எழுத்துருவும் உண்டு. ஆனால் ஆங்கில எக்ஸ்பியில் அது தானாக நிறுவப்படாது. கண்ட்ரோல் பேனலில் மொழி அமைப்புக்குப் போய், சிக்கலான எழுத்துகளுக்கான ஆதரவு என்ற கட்டத்தில் டிக் போட வேண்டும். போட்டால் எக்ஸ்பியின் குறுந்தகட்டைக் கேட்கும். பிறகு கணினியை அணைத்து மறுபடி இயக்க வேண்டும். பிரவுசிங் சென்டரில் குறுந்தகடு யாரிடம் இருக்கும்? இருந்தாலும் அரை மணிக்கு உட்கார்ந்த மாணவனிடம் கொடுப்பார்களா? சில இடங்களில் கணினியை மறுபடி இயக்கினால் எல்லாவற்றையும் பழைய நிலைக்கே கொண்டுபோகும் மென்பொருள் வேறு போட்டிருப்பார்கள். நிறுவு, அணை, இயக்கு... தமிழ் போயே போச்சு.

அந்தத் தடையை நீக்கியவர்களில் அரசும் பெரிய நிறுவனமும் குறைவு, தனி ஆட்கள் அதிகம். அதிராம்பட்டினத்துக்காரரான உமர்தம்பி யுனிகோடிலேயே தேனீ என்ற இயங்கு எழுத்துருவைச் செய்து இலவசமாகக் கொடுத்தார். விண்டோஸ் 98 இருந்த கணினிகளிலும் யுனிகோடு தமிழைப் படிக்க அது வழி செய்தது. அன்றைய வலைப்பூக்கள் பலவும் அதைப் பயன்படுத்தின. அவர் 2006-ல் காலமானார். ஈழத்தமிழரான சுரதா யாழ்வாணன் செய்த பொங்குதமிழ் மாற்றியில் ஒரு பெட்டியில் பழைய எழுத்தை ஒட்டினால் இன்னொரு பெட்டியில் யுனிகோடு வரும். எந்தக் கணினியிலிருந்தும் திறக்கலாம், எதையும் நிறுவ வேண்டாம். பத்தாண்டின் இறுதியில் நியூ ஹொரைசன் மீடியா இலவசமாக வெளியிட்ட என்.எச்.எம். ரைட்டர், தட்டச்சு செய்ய உதவியதோடு எக்ஸ்பியின் குறுந்தகடு இல்லாமலே தமிழ் ஆதரவையும் நிறுவிக்கொடுத்தது. அந்த ஒரு வசதிக்காகவே அதற்குச் சிலை வைக்கலாம்.

இதற்கிடையில் பொறியியல் மாணவர்களின் பிரச்சினை வேறு மாதிரி இருந்தது. அவர்களுக்கு எழுத்து தெரிந்தது, வேகம்தான் இல்லை. 2003-ல் ஏழு ஐ.ஐ.டி.களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து என்.பி.டி.இ.எல். திட்டத்தைத் தொடங்கின. ஐ.ஐ.டி. பேராசிரியரின் வகுப்பை கிருஷ்ணன்கோவிலில் உட்கார்ந்து பார்க்கலாம். பிஎஸ்என்எல் அகலப்பட்டை 2005-ல் வந்த பிறகும் மணிக்கணக்கான வீடியோவை இறக்குவது லேசுப்பட்ட காரியம் அல்ல. ஆகவே வீடியோக்களை ஹார்டு டிஸ்கில் நிரப்பிக் கல்லூரிகளுக்குக் கொடுக்கும் ஏற்பாடு வந்தது. கல்லூரி அதைத் தன் உள்வலையில் வைத்துக்கொள்ளும். எம்.ஐ.டி.யும் இணையம் மெதுவான நாடுகளின் பல்கலைக்கழகங்களுக்கு இதையே செய்தது. வேகம் என்பது காசு கொடுத்தால் தீரும் பிரச்சினை. எழுத்து அப்படி அல்ல, அதற்குப் பலர் ஒத்துப்போக வேண்டும்.

ஒத்துப்போனது 2010-ல். அந்த ஜூனில் கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு தொடங்கிய அன்றே தமிழ்நாடு அரசு யுனிகோடை அதிகாரபூர்வத் தரமாக அறிவித்தது. கூடவே டேஸ்-16 என்ற இன்னொன்றையும் அறிவித்தது. ஒவ்வொரு உயிர்மெய்க்கும் தனி எண் தரும் முறை அது. தமிழின் இலக்கணத்துக்கு அதுவே பொருத்தம் என்று பொன்னவைக்கோ போன்றவர்கள் நெடுநாள் வாதாடியவர்கள். தர்க்கத்தில் அவர்கள் சொன்னதில் அர்த்தம் இருந்தது. ஆனால் யுனிகோடு அமைப்பு ஒருமுறை கொடுத்த இடத்தை மாற்றுவதில்லை என்ற விதி வைத்திருக்கிறது. அதற்குள் வலைப்பூவும் விக்கிப்பீடியாவும் தேடுபொறியும் யுனிகோடில் வேரூன்றிவிட்டன. அதே 2010-ல் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தமிழ் இணையக் கல்விக்கழகம் என்று பெயர் மாறியது. அதன் பாடங்களும் நூலகமும் யுனிகோடுக்கு வந்து சேர்ந்தன. 2007-ல் வந்த விண்டோஸ் விஸ்டாவிலிருந்து டிக் போடும் வேலையும் குறுந்தகடும் ஒழிந்துவிட்டன. 2011-ல் அரசு மாணவர்களுக்கு மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது, பெட்டியைப் பிரித்ததும் தமிழ் தெரிந்தது. எழுத்துரு என்றால் என்னவென்றே தெரியாமல் தமிழ்ப் பாடம் படிக்கும் ஒரு தலைமுறை அங்கிருந்து தொடங்குகிறது.

ஆனால் இரண்டு ஊர்களில் ஒன்றுக்கு மட்டும் கணக்கு இன்னும் முழுதாகத் தீரவில்லை. யுனிகோடில் முதலில் 'ஶ' என்ற கிரந்த எழுத்து கிடையாது. ஆகவே 'ஸ்ரீ' எழுத 'ஸ'வை வைத்துத் தொடங்கினார்கள். 2005-ல் வெளிவந்த 4.1 பதிப்பில் 'ஶ' சேர்க்கப்பட்டது. அதிலிருந்து தொடங்குவதே சரியான முறை என்று யுனிகோடு சொன்னது. அதற்குள் எல்லோருடைய விரலும் பழைய முறைக்குப் பழகிவிட்டது, எழுத்துருக்கள் இரண்டையும் ஏற்றுக்கொண்டு ஒரே உருவத்தை வரைந்தன. விளைவு: ஸ்ரீவில்லிபுத்தூர் என்றும் எழுதலாம், ஶ்ரீவில்லிபுத்தூர் என்றும் எழுதலாம். பல கணினிகளில் இந்த இரண்டுக்கும் கண்ணால் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. எண்ணுக்கு எண் ஒப்பிடும் நிரலுக்கு இவை இரண்டு வெவ்வேறு ஊர்கள். நம்பாதவர்கள் மேலே உள்ள இரண்டு பெயர்களில் ஒன்றை நகலெடுத்து, நோட்பேட் போன்ற எளிய நிரலில் ஒட்டி, மற்றதைத் தேடிப் பாருங்கள்.